மொட்டைக் கடுதாசியில் ஒரு பிள்ளையார் சுழி

வாழ்க்கையில நான் எழுதின ஒரே மொட்டைக் கடுதாசி அது. அதையும் ஒழுங்கா எழுதத் தெரியல.

தாம்பரம் பக்கம் முலாம் பூசற கம்பெனியில வேலை. கழிவுத் தண்ணி டேங்கர்ல சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகணும். ஒருநாள் காலையில பஸ்ல வர்றப்ப பார்த்தேன், எங்க டேங்கர் பள்ளிக்கரணை சதுப்புல ஹோஸைப் போட்டு ஊத்திக்கிட்டு நின்னுச்சு. என் வீடும் அங்கதான். நான் குடிக்கிற போர் தண்ணியும் அந்த மண்ணுக்குக் கீழதான்.

கேன்டீன்ல ஹெட் ஆபீஸ் நோட்டீஸ் ஒண்ணு ஒட்டியிருந்தாங்க. புகார் அனுப்பலாம், பேர் வேணாம்னு. சேலையூர் ஜெராக்ஸ் கடையில டைப் அடிச்சேன். கையெழுத்து மாட்டிக்கும்னு கவர் அட்ரஸைக் கூட பிரின்ட் எடுத்தேன். அவ்ளோ புத்திசாலி. கவரை ஒட்டறப்ப பயம் வந்துருச்சு. பேனாவை எடுத்து, தாள் உச்சியில பிள்ளையார் சுழி ஒண்ணு போட்டேன். பரீட்சை எழுதின காலத்துக்கு அப்புறம் நான் போட்ட முதல் சுழி.

எங்க கம்பெனியில சுழி போடாம பேனாவே தொடாதவர் ஒருத்தர்தான், ஸ்டோர்ஸ் பார்த்துக்கிட்ட அண்ணன். கேட் பாஸ்ல கூட போடுவாரு. "அண்ணே, பிள்ளையாருக்கு ரொம்ப ஓவர்டைம் குடுக்குறீங்க"ன்னு கேலி பண்ணதே நான்தான்.

ஹெட் ஆபீஸ் அந்தக் கடுதாசியை விசாரிக்கச் சொல்லி அனுப்பினது யாருக்கு? டேங்கரை அனுப்பின அதே மேனேஜருக்கு. அவர் அண்ணனைக் கூப்பிட்டாரு. நான் ஒரு ஃபைலோட ரூம் வாசல்ல நிக்கறேன்.

"இது உன் சுழிதானேய்யா?"

"சுழி என்னுது மாதிரிதான் கீது சார். கடுதாசி என்னுது இல்ல."

கதவுல கை வச்சேன். தள்ளல. போன் வந்த மாதிரி காதுல வச்சுக்கிட்டு, "ஹலோ, ஹலோ"ன்னு படி இறங்கிட்டேன்.

டேங்கர் சதுப்புக்குப் போறது நின்னுச்சு. அந்த வாரமே அண்ணனையும் வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க.

போன மாசம் நாவலூர்ல ஒரு கிரகப்பிரவேசம். அபார்ட்மென்ட் கேட்ல செக்யூரிட்டி யூனிஃபார்ம்ல அண்ணன்.

"இன்னாப்பா, லெட்டர் எழுதினவன் யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரியலண்ணே."

"நல்ல காரியந்தான் பண்ணிகிறான். அன்னிக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், இல்ல?"

 

விசிட்டர் நோட்டை நீட்டினாரு. பக்கத்தோட உச்சியில அவர் சுழி. அதுக்குக் கீழ என் பேரை முழுசா எழுதிட்டு உள்ள போனேன்.