ஆயிஷா பீவி கொண்டுபோன தாய்வீடு

ஆயிஷா பீவி யாருக்கும் அசைந்து கொடுக்கிற ஆள் இல்லை. இராஜபாளையத்து பேண்டேஜ் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருடமாகத் துணி சுற்றுகிறவள். சூப்பர்வைசரே அவளிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். அப்படிப்பட்டவளை 1991-இல் ஒரு எரிமலை மறித்துப் பார்த்தது.

மகள் நூர்னிசாவை அந்தமானில், போர்ட் பிளேயரில் மளிகைக்கடை வைத்திருந்த அசன் முகம்மதுக்குக் கட்டிக்கொடுத்திருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். அது ஊர் வழக்கம். ஆயிஷா பீவிக்கோ வைராக்கியம். அவளுடைய தலைப்பிரசவத்தின்போது அவளைப் பெற்றவள் உயிரோடு இல்லை. மாமியார் வீட்டு மூலையில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். 'அம்மா' என்று கத்தக்கூடக் கூச்சமாக இருந்தது. மகளுக்கு அந்தக் குறை வரவே கூடாது.

எட்டாம் மாதம் பிறக்குமுன் புருஷன் சேக் முகைதீனையும் இழுத்துக்கொண்டு மகளைக் கூட்டிவரக் கப்பலேறினாள். பிறக்கப்போகிற பிள்ளைக்கென்று கம்பெனியில் கழித்த மெல்லிய துணியைத் துவைத்து மடித்து ஒரு மூட்டை. மாப்பிள்ளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. அதில் பாதியைக் கப்பலிலேயே சேக் முகைதீன் காலி செய்துவிட்டார்.

திரும்ப இரண்டு நாள் இருக்கும்போதுதான் அங்கே பாரன் தீவு எரிமலை வெடித்தது. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் சும்மா கிடந்த மலையாம். நிலவரம் தெரியாமல் கப்பல் கிளம்பாது என்று சொல்லிவிட்டார்கள்.

"அம்புட்டு வருசம் பொறுத்த மலை, இன்னும் ரெண்டு நாள் பொறுக்கக் கூடாதா?" என்று கடலைப் பார்த்துத் திட்டினாள்.

கப்பல் கிளம்ப மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் நாள் நெருங்கிவிட்டது. நூர்னிசா இனிமேல் கப்பல் ஏறவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆயிஷா பீவி ஒரு பொழுது முழுக்க அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மருமகன் முன்னால் வந்து நின்றாள்.

"மாப்பிள்ளை, பிள்ளை பொறந்து நாப்பது நாள் ஆகுற மட்டும் இது எங்க வீடு. நீங்க கடையில படுத்துக்கிடுங்க."

"மாமி, இது என் வீடு!"

"நேத்து வரைக்கும்."

சேக் முகைதீன் மெல்லக் கேட்டார்: "அப்ப நான்?"

"நீங்க பொண்ணப் பெத்தவரு. இருங்க."

அசன் முகம்மது பாயைச் சுருட்டிக்கொண்டு கடைக்குப் போனான்.

வலி கண்ட அன்று நூர்னிசா தெருவுக்கே கேட்கிற மாதிரி "அம்மா" என்று அலறினாள். "கத்துட்டி, நல்லாக் கத்து!" என்று ஆயிஷா பீவி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் கண்ணில் நீர் கொட்டியது. ஆனால் அது வேறு நீர்.

பேத்தி பிறந்து ஆசுபத்திரியிலிருந்து வீடு வந்ததும் அசன் முகம்மது புதுச்சட்டை போட்டு, பை நிறையப் பழத்தோடு தன் வீட்டுக் கதவையே தட்டினான். ஆயிஷா பீவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திறந்தாள்.

"வாங்க மாப்பிள்ளை. பயணமெல்லாம் சௌரியமா இருந்துச்சா?"

கடை அடுத்த தெருவில்தான் இருந்தது. "கொஞ்சம் அலைச்சல்தான் மாமி" என்றான் அவன்.

ஊர் திரும்பி வேலைக்குப் போன முதல் நாளே, பக்கத்தில் உட்கார்ந்து துணி சுற்றுகிற சுடலையம்மாள் வாயைக் கிண்டினாள். "என்னக்கா, எரிமலை வெடிச்சதுல பிரசவம் மாப்பிள்ளை வீட்டுலயே ஆயிருச்சாமே?"

ஆயிஷா பீவி சுற்றுகிற கையை நிறுத்தவில்லை.

"எவ சொன்னா? எங்க வீட்டுலதான். மாப்பிள்ளை வந்து பாத்துட்டுல்லா போனாரு."