தாழ்ப்பாள்

ஈரோட்டிலிருந்து கோவைக்கு வந்த ரயிலில் எதிரே அமர்ந்திருந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். வலிப்புக்காக நெஞ்சில் பதித்த கருவி கழுத்து நரம்பைத் தூண்டும்போதெல்லாம் அவள் குரல் கம்மிப்போகும். உடனே கையைக் காட்டிப் பேச்சை நிறுத்திக்கொள்வாள்.

“இதை வச்சதுலிருந்து வலிப்பே இல்லீங்க்கா. ஆனா, நான் உள்ள உழுந்துருவேன்னு அம்மா கழட்டுன பாத்ரூம் தாழ்ப்பாளை இன்னும் மாட்டலைங்க.”

அந்த அம்மா பக்கத்தில் மகளின் துப்பட்டா நுனியைப் பிடித்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். அவள் அதை மெல்ல உருவிக்கொண்டு எழுந்தாள்.

“எழுப்பிப்போடாதீங்க்கா.”

பின்னாலிருந்த கழிவறையில் அவள் தாழ்ப்பாளைப் போடுவதும், எடுப்பதும், மறுபடி போடுவதும் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. மனசு கேட்காமல் போய்க் கதவருகே நின்றேன்.

சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்தாள்.

“நீங்களுமாங்க்கா?”