வெறும் கூடையில் அடைகாத்த கோழி

நாட்டுக்கோழி தினம் முட்டையிடாது. சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுப் புறவாசலில் நான் வளர்த்த சிவப்புக்கோழி மூன்று நாலு நாள் தொடர்ந்து இடும், ஒருநாள் விட்டுவிடும். பன்னிரண்டு, பதிமூன்று ஆனதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். பொரித்து, குஞ்சுகள் தனியாக மேயப் போகும்வரை மறுமுட்டை கிடையாது. அதற்கு மூன்று மாதமாவது ஆகும்.

அந்த வருஷம் எனக்குக் காத்திருக்க முடியவில்லை. குருவிகுளம் பக்கம் கட்டிக்கொடுத்த என் தங்கை, எட்டாம் மாதப் பிரசவத்தில் குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு என் வீட்டில் வந்து இருந்தாள். உடம்பில் ரத்தமே இல்லை, தினம் ஒரு முட்டை கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடை முட்டையின் வாடை அவளுக்குக் குமட்டியது.

அதனால் கோழி இட இட எடுத்தேன். கடைசியில் அது வெறும் கூடையிலேயே அடைக்கு உட்கார்ந்தது. இரை எடுக்கவில்லை, கை நீட்டினால் கொத்தியது. தண்ணீரில் முக்கினால் அடை தெளிந்து, இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி முட்டை வைக்கும் என்றார்கள் பக்கத்து வீட்டில். காலையில் வாளித் தண்ணீரில் இரண்டு முறை முக்கினேன். மூன்றாவது முறை முக்கப்போனபோது தங்கை வந்து கோழியை என் கையிலிருந்து வாங்கினாள். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து துண்டால் துடைத்தாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

“எனக்கு ஒரு தடவ காட்டிருக்கலாம்லாக்கா.”

ஆஸ்பத்திரியில் அவள் மயக்கம் தெளிவதற்குள் குழந்தையை எடுத்துப்போகச் சொன்னது நானும் அம்மாவும்தான். பார்த்தால் தாங்கமாட்டாள் என்று நினைத்தோம். அவளிடம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்ததும் நான்தான்.

“நீ பாத்தேல்லா? எப்படி இருந்திச்சு?”

தலை நிறைய முடி, உதடு உன்னுடையது மாதிரி என்றேன். ஈரக்கோழியை மடியில் வைத்துக்கொண்டு அப்போதுதான் முதல்முறையாக அழுதாள்.

மறுநாள் பக்கத்து வீட்டில் ஒன்பது முட்டை வாங்கி அவளே அடை வைத்தாள். இருபத்தொரு நாளில் ஏழு பொரித்தன. அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி, புருஷன் வீட்டுக்குப் போனாள்.

இப்போது அவளுக்கு ஒரு மகள், பள்ளிக்கூடம் போகிறாள். ஆனாலும் சில மத்தியானங்களில் போன் பண்ணுவாள். வீட்டு நடப்பெல்லாம் பேசிவிட்டு, குரலைத் தாழ்த்தி, “இன்னொரு தடவ சொல்லேன்க்கா” என்பாள். சொல்வேன். துணியை விலக்கி நான் பார்த்தது ஒரு நொடி. அவள் கேட்கக் கேட்க புருவம், விரல், நகம் என்று சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறேன். கண்ணை மூடினால் ஒரு முகம் வருகிறது. நான் பார்த்த முகமா, சொல்லிச் சொல்லி உண்டான முகமா, எனக்கே தெரியவில்லை.

போன வாரம், கன்னத்தில் மச்சம் இருந்ததா என்று கேட்டாள். இருந்தது என்று சொல்லிவிட்டேன்.