ஒளியைத் திருப்பிய மகள்

சென்ற வருடம் குறுவை நடவு முடிந்திருந்த சமயம். ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊரில் என் மகளுக்குக் கருமாதி நடந்தது. ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவள், வெளியூரில் காய்ச்சல் கண்டு ஒரு வாரம்கூடத் தாங்காமல் போய்விட்டாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும், "பொண்ணு என்ன வேலை பாத்துச்சு?" என்று கேட்டார்கள். "சாட்டிலைட்" என்பேன். அதற்குமேல் எனக்குத் தெரியாது. அவள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். ஐந்தாவதோடு நின்ற எனக்கு ஏறவில்லை.

"டிஷ் மாட்டுற வேலையாண்ணே?" என்றார் பங்காளி ஒருவர். பெற்ற மகளைப் பற்றி ஒரு வரி சொல்லத் தெரியவில்லை எனக்கு.

அவளோடு வேலை பார்த்த பெண் ஒருத்தி பஸ் பிடித்து வந்திருந்தாள். சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்ததும் தயங்கித் தயங்கி அவளிடம் போனேன். எனக்கு வேற்று மனிதரிடம் பேசச் சுலபத்தில் வாய் வராது.

"அவ என்னம்மா செஞ்சா? எனக்கு வெளங்குற மாதிரி சொல்லும்மா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வயலுக்குப் போலாமாப்பா?" என்றாள்.

வரப்பில் நின்று, மகளின் மேஜையில் இருந்ததாகச் சொல்லி ஒரு தாளை எடுத்தாள். கூலிங்கிளாஸ் போல மங்கலான பிளாஸ்டிக் தாள். அதை என் கண்ணுக்கு நேரே பிடித்தாள். நட்ட வயலில் தண்ணீர் வெயிலுக்குப் பளபளத்தது. தாளை மெல்லத் திருப்பினாள். பளபளப்பு அடங்கி, அடியில் சேறும் நாற்றின் தூரும் தெரிந்தன. மறுபடி திருப்பினாள், பளபளப்பு வந்துவிட்டது.

"வெளிச்சம் ஒரு பக்கமாச் சாஞ்சு ஆடும்பா. தண்ணில பட்டு வர்றது படுக்கையா ஆடும். தாள நிமித்திப் புடிச்சா அத உள்ள விடாது. அந்தச் சாய்வ மாத்துற கருவியத்தான் அவ செஞ்சா. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள கோடித் தடவ மாத்தும். அப்படி மாத்தி மாத்தித்தான் சாட்டிலைட்டுக்கு ரகசியம் அனுப்புறது. நடுவுல யாராச்சும் எட்டிப் பாத்தா, சாய்வு கலைஞ்சு காட்டிக் குடுத்துரும்."

"முடிச்சுட்டாளாம்மா?"

"கருவி ஓடுதுப்பா. சாட்டிலைட்டுக்கு அனுப்பிப் பாக்குறதுக்குள்ள..." தாளை என் கையில் வைத்தாள்.

வீட்டை விட்டு வெளியே வராமல் கிடந்த என் மனைவியைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தேன். தாளை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதையாடி பாத்துக்கிட்டு இருந்த?" என்று தண்ணீரைப் பார்த்துக் கேட்டாள். அப்போதுதான் நான் வாய்விட்டு அழுதேன்.

அந்தத் தாள் இப்போது எங்களிடம்தான் இருக்கிறது. வயலுக்குப் போகும்போது எடுத்துப் போகிறேன். மகளிடம் கேட்க எனக்குள் கேள்விகள் ஊறிக்கொண்டே இருக்கின்றன. கேட்கத் தெரிந்துகொண்ட நேரத்தில், பதில் சொல்ல அவள் இல்லை.