வேலிப் பொட்டும் வெறுந்தட்டும்

புதுத் தென்னங்கிடுகின் மணம் மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும். எழுபதுகளில், சண்டிலிப்பாயில், எங்கள் வளவுக்கும் பக்கத்து வீட்டு மாமியின் வளவுக்கும் நடுவே நின்ற வேலியில், ஆள் குனிந்து போகுமளவுக்கு ஒரு "பொட்டு" இருந்தது. அந்த ஓட்டை வழியாகத்தான் பலகாரத் தட்டுகள் போய்வந்தன. தன் மகனுக்கு என் அக்காவைக் கேட்கும் மாமியின் எண்ணமும், ஒரு வார்த்தை பேசப்படாமலே, அந்த வழியாகத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. தட்டில் கொழுக்கட்டை கூடினால் அம்மாவின் முகம் மலரும். என்னவென்று கேட்டால், "உதெல்லாம் வாயாலை கதைக்கிற விஷயமே?" என்பார்.

ஒரு வருஷம் பழசை மாற்றிப் புதுக் கிடுகு கட்டி வேலி அடைத்தபோது, மாமியின் ஆடு வந்து மிளகாய்க் கன்றுகளைக் கடிக்கிறதென்று எங்கள் தகப்பனார், ஐயா, பொட்டையும் சேர்த்து அடைத்துவிட்டார். ஆட்டுக்காக அடைத்தேன் என்று ஒரு சொல் சொன்னாரா? இல்லை. பொட்டை அடைத்தால் உங்கள் உறவே வேண்டாம் என்று அர்த்தம். ஊருக்கே தெரிந்தது அவருக்குத் தெரியாதா? மறுநாளே மாமி எங்கள் தட்டைக் கழுவி, வழக்கமாகப் போடும் ஒரு பிடி சீனிகூடப் போடாமல், தெருவாசல் படலையால் சுற்றிக் கொடுத்தனுப்பினார். வெறுந்தட்டு! சம்பந்தம் வேண்டாமென்று அவர்கள்தான் சொல்லிவிட்டார்கள் என்று ஐயா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அம்மா சட்டி பானைகளை உருட்டினார். மாமியின் மகனுக்கு அரியாலையில் பெண் பார்க்கிறார்கள் என்ற செய்தி வந்ததும் அக்கா சாப்பாட்டைக் குறைத்தாள். யாராவது ஒருவர் போய்க் கேட்டால் வாய் என்ன தேய்ந்தா போய்விடும்?

கடைசியில் ஒரு மத்தியானம், ஐயா பார்த்துக்கொண்டிருக்கவே, அக்கா குசினிக் கத்தியோடு போய் வேலியை வெட்டினாள். குனிந்து அந்தப் பக்கம் போய் நின்று, "மாமி, ஐயா ஆட்டுக்குத்தான் அடைச்சவர். உங்களுக்கில்லை" என்றாள். மாமி ஒன்றும் கதைக்கவில்லை. உள்ளே போய், தட்டு நிறையச் சீனி அரியதரப் பலகாரம் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். ஐயாவும் வாய் திறக்கவில்லை; வெட்டிய கிடுகை ஒதுக்கிப் போட்டுவிட்டு, மிளகாய்க் கன்றுகளைச் சுற்றித் தனியாக அடைக்கப் போய்விட்டார். இந்த மனிதர்களை என்ன செய்வது!

அக்கா அந்த வீட்டுக்கே மருமகளானாள். இப்போது கிடுகும் இல்லை, பொட்டும் இல்லை. நடுவில் ஆளுயர மதில். வெளிநாட்டிலிருந்து வந்து பழைய வீட்டில் தங்கியிருக்கும் நான், நேற்று அக்காவுக்கு ஒரு தட்டில் கேக் அனுப்பினேன். இன்று காலை அவளுடைய பேரப்பிள்ளை அந்தத் தட்டைப் படலையால் கொண்டுவந்து தந்தது, கழுவித் துடைத்து, வெறுமையாக. நான் என்ன பிழை செய்தேனோ தெரியவில்லை. மதிலை வெட்ட முடியாது; தெருவால் சுற்றிப் போய்க் கேட்கலாம்தான்.

ஆனால் நான் ஏன் முதலில் போய்க் கேட்க வேண்டும்?