ஒன்றும் கலக்காத தண்ணீர்

எங்கள் நீரேற்று நிலையத்தில் அவனுக்குச் 'சொட்டு' என்று பெயர். தொட்டிக்குள் குளோரின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்குவதுதான் பதினெட்டு வருடமாக அவன் வேலை. தினமும் காலையில் கடைசித் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து, கண்ணாடிக் குழலில் ஊற்றி, சோதனை மருந்து இரண்டு துளி விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். மஞ்சளானால் குளோரின் இருக்கிறது, குடிக்கலாம். ஆகாவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது. நான் மோட்டார் பார்ப்பவன். "பொண்டாட்டி முகத்தைக்கூட நீ இப்படிப் பார்த்திருக்க மாட்டே" என்று கேலி செய்வேன்.

தேர்தல் வந்தது. புதுத் தலைவர் ஒருவர் மேடையேறினார். "உங்க தண்ணியில என்ன கலக்குறாங்கன்னு தெரியுமா? நீங்க கேள்வி கேட்காம இருக்க மருந்து! உங்களுக்குப் பிள்ளை பிறக்காம இருக்க மருந்து! ஏழைன்னா அவங்களுக்கு அவ்வளவு இளக்காரம்!" முழங்கிய கையோடு சீல் வைத்த தண்ணீர் பாட்டில் ஒன்றைத் திருகித் திறந்து மடமடவென்று குடித்தார். நாலாயிரம் பேர் பார்த்தார்கள். ஒருவனுக்கும் உறைக்கவில்லை. கைதட்டினார்கள்.

முன்வரிசையில் தட்டியவர் சொட்டின் அக்கா புருஷன். தையல்காரர். அளவு நாடா இல்லாமல் ஒரு துணியில் கத்தரி வைக்க மாட்டார். இதை மட்டும் அளக்காமல் வாங்கிக்கொண்டார்.

"மாமா, நீங்களே வந்து பாருங்க. வெறும் பிளீச்சிங் பவுடர்."

"மேல இருந்து வர்ற மூட்டையை நீ கரைக்கிறே. உள்ள என்ன இருக்குன்னு உனக்கே தெரியாது மாப்ளே."

மறுநாள் தையல்காரர் ஐம்பது பேரோடு வந்து குளோரின் அறையைப் பூட்டச் சொன்னார். இன்ஜினியருக்குப் போன் போட்டோம். "தேர்தல் முடியற வரைக்கும் சும்மா இருங்கப்பா. எழுத்துல எதுவும் கேட்காதீங்க" என்று வைத்துவிட்டார். சொட்டு கதவை மறித்து நின்றான். சாவி என்னிடம் இருந்தது. கொடுத்துவிட்டேன். அந்தக் கையைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அதன்பிறகும் அவன் குழலைத் தூக்கிப் பார்ப்பதை விடவில்லை. மஞ்சள் இல்லை. வீடு வீடாகப் போய், "கொதிக்க வச்சுக் குடிங்க" என்று கெஞ்சினான். "இப்பதான் நல்ல தண்ணி குடிக்கிறோம். அது பொறுக்கலையா உனக்கு?" என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னார்கள். அக்கா வீட்டிலும் அதே பேச்சுதான்.

ஒன்பதாம் நாள் கடைசித் தெரு முழுக்க வாந்தி, வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரி வராந்தாவிலும் கட்டில் போட்டார்கள். அக்காவின் ஆறு வயது மகளுக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. கண் குழிவிழுந்து, கூப்பிட்டால் திரும்பவில்லை. தலைவர் கேமராவோடு வந்தார். "பார்த்தீங்களா? அறையைப் பூட்டினோம்னு பழிவாங்குறாங்க! வேற வழியில கலந்துட்டாங்க!"

தையல்காரர் மகளின் பக்கத்திலிருந்து எழுந்து போய்க் கைதட்டினார். பெற்ற மகள் அங்கே கிடக்கிறாள், இந்த மனுஷன் தட்டுகிறார். காறித் துப்பலாம் போலிருந்தது.

சொட்டு குழந்தையின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சில்லிட்டுக் கிடந்தது. அவனை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"எங்கிட்டயாவது உண்மையைச் சொல்லுடா. என்னத்தைக் கலந்தே?"

"ஒண்ணுமே கலக்கலைக்கா. ஒன்பது நாளா ஒண்ணுமே கலக்கலை."

அவள் நம்பவில்லை. எழுந்து, அவன் மறுபடி தொட்டுவிடாதபடி, குழந்தைக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.