மர்ழியா ராத்தாவின் ஒலிப்பதிவு

யுத்தத்தின்போது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறில், மன்னாரிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் குடியேறிய ஆலங்குடாப் பக்கத்தில் பரீனாவைத் தெரியாதவர்கள் இல்லை. ஆறு வயதில் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் வந்து இறங்கியவள் அவள். யுத்தம் முடிந்து ஏழாம் வருடம், ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கு நேர்காணல் எடுக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. இடம்பெயர்ந்த பெண்கள் முப்பத்தொரு பேரின் வாழ்க்கையை ஒலிப்பதிவு செய்தாள். வேறு யாராவது கேட்டிருந்தால் பாதிக் கதைகூட வந்திராது. பரீனா என்றபடியால் பாயை விரித்து, பிளேன்டீ கொடுத்து, மனதிலிருந்ததையெல்லாம் சொன்னார்கள்.

மூன்று மாதம் கழித்து ஆய்வுக்குப் பொறுப்பான விரிவுரையாளர் மதுரனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஆய்வுக்கு உதவிய நிறுவனத்தின் விதிப்படி, மற்ற ஆய்வாளர்களும் பயன்படுத்தும் தரவுக் களஞ்சியத்தில் பதிவுகளை இம்மாதக் கடைசிக்குள் சேர்க்க வேண்டுமாம். சம்மதப் படிவங்களைச் சரிபார்த்து அனுப்பச் சொல்லியிருந்தார்.

பரீனா அலுமாரியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துப் பார்த்தாள். 'ஏனைய ஆய்வாளர்களுடன் பகிரப்படலாம்' என்ற வரி இரண்டாம் பக்கத்தில் இருக்கத்தான் செய்தது. அந்த வரியை அவள் ஒருவருக்கும் வாசித்துக் காட்டவில்லை. "எங்கட மதுரன் சேரத் தவிர ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருந்தாள்.

எல்லாரையும்விட, அக்காவைப் போல 'ராத்தா' என்று அவள் கூப்பிடும் மர்ழியாவை நினைத்துத்தான் பயம். மன்னாரிலுள்ள காணி கைவிட்டுப் போய்விடுமே என்று, சட்டப்படி கூடாதென்று தெரிந்தும், அங்கேயும் இங்கேயும் வாக்காளர் பதிவு வைத்திருப்பதை அவள் அழுதழுது சொல்லியிருந்தாள். பெயரை எடுத்தாலும் கதையைக் கேட்டால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கையெழுத்து இருக்கிறதுதானே, பேசாமல் அனுப்பிவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்றும் நினைத்தாள். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை மதுரனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"சேர், பிழை என்ட பக்கம்தான். அந்த வரிய நான் வாசிக்கல்ல."



"இப்பவாவது சொன்னீங்களே. எல்லாத்தையும் எல்லாருக்கும் திறந்துவிட வேணுமெண்டு விதியில்ல, பரீனா. பேர், ஊர் மறைக்கலாம். அனுமதி எடுத்து வாறவங்களுக்கு மட்டும் குடுக்கலாம். விருப்பமில்லாதவங்கட பதிவ எடுத்துவிடலாம். ஆனா ஒவ்வொருத்தரிட்டயும் திரும்பப் போய்க் கேக்க வேணும்."

ஒன்பது நாள் வீடு வீடாக நடந்தாள். நடந்ததை மறைக்காமல் சொல்லி, படிவத்தை முழுதாக வாசித்தாள். இருபத்தாறு பேர் சம்மதித்தார்கள். நான்கு பேர், எழுத்தில் பெயர்த்தது இருக்கட்டும், குரல் வேண்டாம் என்றார்கள். மர்ழியாவின் வீட்டுக்குக் கடைசியாகத்தான் போக மனம் வந்தது.

சின்ன வெங்காயம் துப்புரவாக்கிக்கொண்டிருந்த மர்ழியா, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப அண்டைக்கு ஏன் புள்ள அப்பிடிச் சொன்ன?"

"தெரியாமச் சொல்லிட்டன் ராத்தா."

"தெரியாட்டி தெரியாதெண்டு சொல்லியிருக்கலாமே. உன்ன நம்பித்தானே வாயத் துறந்தன்."

மர்ழியா எழுந்து கையைத் துடைத்தாள்.

"அழிச்சிரு. என்ட கண் முன்னுக்கு அழி."

மடிக்கணினியை மர்ழியாவின் பக்கம் திருப்பிவைத்து அழித்தாள். மதுரனை அழைத்து, அவரிடமிருந்த பிரதியையும் அழித்துவிட்டதை அவர் வாயாலேயே மர்ழியாவுக்குச் சொல்லவைத்தாள். முப்பத்தொன்றில் ஆகச் சிறந்த நேர்காணல் அதுதான்.

களஞ்சியத்திலிருந்து பதில் வர இரண்டு கிழமை ஆனது. தொலைபேசி கிணுங்கும்போதெல்லாம் பரீனா ஓடிப்போய் எடுத்தாள். கடைசியில், பெயரும் ஊரும் மறைத்த முப்பது பதிவுகளையும் கட்டுப்பாட்டோடு ஏற்றுக்கொண்டதாக எழுதியிருந்தார்கள். அடுத்த ஆய்வுக்கும் மதுரன் அவளையே கூப்பிட்டார்.

மர்ழியா இன்றைக்கும் வழியில் கண்டால் சலாமுக்குப் பதில் சொல்கிறாள். வீட்டுக்குள் வா என்று மட்டும் கூப்பிடுவதில்லை.